உதட்டில் ஈரமாக்கிய நூல்

சாய் அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்தபோது பழவங்காடியில் நல்ல மழை. தேங்காய்க் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில்தான் நானும் என் மனைவி அம்மிணியும் பைண்டிங் வேலை செய்கிறோம். அட்டை, தோல், பசை எல்லாம் என் பாடு. தையல் முழுக்க அவள்.

சாய்க்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பாஸ்டன் போனபோது ஒரு பழைய கடையில் வாங்கினானாம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டுப் புத்தகம். மெல்லிய மரப்பலகையில் ஆட்டுத்தோல் ஒட்டிய அட்டை, முதுகு கழன்று தொங்கியது. அந்தக் காலத்து அமெரிக்கப் பட்டறைகளில் தைக்கப் பெண்களைத்தான் வைப்பார்களாம். ஃபாரம் என்று நாங்கள் சொல்லும் மடித்த தாள்கட்டுகளை, வேலை சீக்கிரம் தீர வேண்டும் என்று இரண்டிரண்டாக ஒரே நூலில் கோத்துவிடுவார்களாம். முடிந்தவரை அந்தப் பழைய நூலையே போட்டுத் தைத்துத் தரச் சொன்னான். படித்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கிறுக்கு. சரி என்றேன்.

அம்மிணி பழைய தையலைப் பிரித்து நூலை உருவினாள். நீளமான துண்டு ஒன்று அறாமல் வந்தது. ஊசியில் கோக்குமுன் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கினாள். தைக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அது எந்த நூல் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

"உப்புக் கரிக்குது," என்றாள்.

சாயங்காலம் உதடு மரத்துப்போனது. மறுநாள் விரல்கள்.

ஆவி பறக்கும் சுக்குக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். தைக்கும்போது ஊசி விரலில் ஏறி நின்றது. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒவ்வொரு ஃபாரமாகத் தைத்துப் பழகிய கை, இப்போது இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டு போனது. சாய் சொன்ன அந்தப் பட்டறைப் பெண்களின் தையல் அவளுக்குத் தெரியாது.

"இது யாரு சொல்லித் தந்தா?"

"சொல்லித் தரணுமா? கை தன்னால போகுதுல்லா."

அவள் குரலில் பயம் இல்லை. ஒன்றுமே இல்லை.

பிறகு ஊசியை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். அறையில் நனைந்த தோலின் நாற்றம் ஏறிக்கொண்டே வந்தது.

தையல் சட்டத்தில் நூல் இழுபடும் சத்தம் கேட்டது.

தாளுக்குள் நுழைந்து, நிதானமாக, முழு நீளத்துக்கும்.

சட்டத்தில் ஊசி இல்லை. அதை நான்தான் கையில் வைத்திருந்தேன்.

அன்றே தையலை எல்லாம் அறுத்து நூலை அடுப்பில் போட்டேன். பிரித்துப் போட்ட புத்தகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தபோது சாயின் முகம் சுண்டிவிட்டது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அம்மிணியின் கைக்கு உணர்ச்சி திரும்பினால் போதும் என்றிருந்தது. திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிடித்திருப்பது தெரிகிறதா என்று கேட்டேன்.

"பாத்தா தெரியுது," என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நரம்பு டாக்டர் ஆர்ஷா சின்ன வயசுதான், பொறுமைக்காரி. அம்மிணியைக் கண் மூடச் சொல்லி, ஒவ்வொரு விரல் நுனியிலும் குண்டூசியால் லேசாகக் குத்தி, தெரியுதோ என்று கேட்டாள். இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலி காலி.

கட்டைவிரலில் குத்தினாள்.

என் காதருகே யாரோ வலியில் மூச்சை உள்ளிழுத்தார்கள்.

டாக்டர் நிமிர்ந்தாள். "தாசையன் சேட்டா, நீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவள் என் முகத்தையும் அந்தக் காலி நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை குத்தினாள்.

மறுபடியும் அதே மூச்சு.

அம்மிணி கண்ணைத் திறக்கவில்லை.

"மெதுவாக் குத்துங்க டாக்டர்," என்றாள். "எனக்கு ஒண்ணுமில்ல. அவளுக்குத்தான் நோவுது."