ஏணி உண்டு, கயிறு தேவையில்லை

உறை பிரிக்காத புது நோட்டில் முதல் வரி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

பிளாஸ்டிக் உறையை மீட்டர்காரர் தன் கையாலேயே அப்போதுதான் கிழித்திருந்தார். காலை வெயில் முதுகில் சுட்டது, பின்னால் யாரோ இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், பூங்காவின் கடைசி பெஞ்சுக்கு அடியில் காந்தத்தால் ஒட்டிவைத்த சின்னத் தகரப்பெட்டி அவர் மடியில் திறந்து கிடந்தது. பழைய நோட்டு நனைந்துவிட்டதாக யாரோ எழுதியிருந்தார்கள், அதை மாற்றத்தான் வந்திருந்தார். முதல் பக்கத்தில், பென்சிலில், ஒரு சின்ன எறும்பு. ஆறு கால்களும் சரியாக இருந்தன. பக்கத்தில் அன்றைய தேதி.

அந்த எறும்பை வரைகிறவள் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது அவர் வேலை. எந்தச் சந்தில் எந்தச் சுவர் பிளந்திருக்கிறது, எந்தப் படிக்கட்டுக்கு அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் ஜியோகேச் விளையாட்டு அவரை அப்படிப் பிடித்துக்கொண்டது. ஒரு பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பேர் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவர் மாதத்துக்கு ஒன்றுதான் வைப்பார். அதற்கு மேல் வைத்தால் பார்த்துக்கொள்ள முடியாது. ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நூற்றறுபது மீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஊரில் இதை விளையாடுகிறவர்கள் குழுவின் விதி. சரியான இடம் அமைய மூன்று வாரம் அலைவார்.

அந்த அலைச்சலை எறும்பு இருபது நிமிடத்தில் முடித்துவிடுவாள். குழுவில் அவளுக்கு அதுதான் பேர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், தனியாக இருந்தவள். முதல் வரி எப்போதும் அவளுடையது. கூடவே ஒரு குத்தல். "இதுக்கா சார் ஒரு மாசம் ஆச்சு?" "கண்ணை மூடிட்டே எடுத்துட்டேன்." குழுவில் எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

கடைசியில் அவளுக்கென்றே ஓர் இடம் பார்த்தார். கைவிட்ட பம்ப் ஹவுஸில், தண்ணீர் வற்றிப் பல வருடமான தரையடித் தொட்டி. உள்ளே இறங்க ஓர் இரும்பு ஏணி இருந்தது, துருவில் அரித்துப்போய், சுவரை விட்டு விலகி. அவர் கயிறு கட்டித்தான் இறங்கினார். பெட்டியை வைத்துவிட்டு ஏறினார். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டார். இணையத்தில் எழுதினார்: 'எளிது. ஏணி உண்டு, கயிறு தேவையில்லை.'

காலோ கையோ முறியட்டும், கொஞ்ச நாள் ஓய்ந்து கிடக்கட்டும் என்றுதான் நினைத்தார். அன்று மாலை அவளிடமிருந்து குத்தல் எதுவும் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு நன்றாகவே சாப்பிட்டார். மறுநாளும் போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவளைத் தூக்கி எடுத்தார்கள். தொட்டிச் சுவரில் கை எட்டும் உயரம் வரைக்கும் நகக்கீறல்கள் இருந்தன என்று குழுவின் நிர்வாகியான பல் டாக்டர் சொன்னார். ஏணியைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள்.

"நான் இறங்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் மீட்டர்காரர். நம்பினார்கள்.

இப்போது பூங்காவில், எறும்பு இருந்த அந்தப் பக்கத்தைக் கிழித்து, சுக்குநூறாக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். யாரோ விளையாடுகிறார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். விரல்களில் துரு வாடை அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் போன் செய்தார்.

"என்ன சார், மாசத்துக்கு ஒண்ணுன்னு சொல்லுவீங்க. இந்த வாரம் மட்டும் மூணு போட்டிருக்கீங்க?"

"நான் எதுவும் போடலையே, டாக்டர்."

"உங்க ஐடியிலேருந்துதானே வருது. இன்னொண்ணு சொல்லணும். இடைவெளி பாருங்க. முதல் ரெண்டுக்கும் நடுவுல நானூறு மீட்டர். இப்ப வந்தது நூறுகூட இல்ல. நான் ஓகே குடுக்கவே இல்ல, தானா வெளியாகுது."

அவர் போய்ப் பார்த்தார். முதல் பெட்டி நூலகச் சுவரின் கழிவுநீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்தது. உள்ளே ஈரமான நோட்டு, எறும்பு, ஒரு சிட்டிகை துரு. இரண்டாவது, அவர் தினமும் பஸ் ஏறும் நிறுத்தத்தின் இருக்கைக்கு அடியில். அதில் முனை மழுங்கி வளைந்த ஒரு ஹேர்பின், நுனியில் சிமென்ட் தூள். மூன்றாவது அவருடைய தெரு முனையில், டிரான்ஸ்பார்மர் வேலிக்குள். அவரைத் தவிர யாருக்கும் தெரியாத இடுக்கு. எல்லாமே அவர் மட்டும் தேர்ந்தெடுக்கக்கூடிய இடங்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு நகம் கிடந்தது. முழு நகம்.

பக்கத்தில் எழுதியிருந்தது: 'இதைக் கண்டுபிடிக்க இவ்ளோ நேரமா சார்?'

வாரத்துக்கு மூன்று என்பது தினம் ஒன்றானது. பிறகு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போன் சிணுங்கும்போதெல்லாம் ஒரு புது இடம். வீட்டு கேட்டின் குமிழுக்குள். செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பின்னால். அவருடைய வீட்டு மீட்டர் பெட்டிக்குள்ளேயே, சுழலும் சக்கரத்துக்குக் கீழே. பாஸ்வேர்டை நான்கு முறை மாற்றினார். ஐடியையே அழித்தார். பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அதே விவரம், அவர் எழுதிய அதே வார்த்தைகள்: எளிது, ஏணி உண்டு, கயிறு தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, அரிசி டப்பாவுக்குள்ள உங்க பெட்டி ஒண்ணு கிடக்கு. உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"தொடாத!"

"தொட்டாச்சு. ஒரே துரு நாத்தம். எல்லா அரிசியும் போச்சு."

அவர் பிடுங்கித் திறந்தார். நோட்டு மட்டும்தான். எறும்பு இல்லை. ஒரே ஒரு வரி.

'அடுத்தது உங்ககிட்டயே இருக்கு சார்.'

போன் சிணுங்கியது. புதுப் பெட்டி. திரையில் அம்புக்குறி ஒருமுறை சுற்றி நின்றது. தூரம்: பூஜ்யம். அவர் கூடத்துக்குப் போனார். பூஜ்யம். மாடிப்படி ஏறினார். பூஜ்யம். சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார், பெல்ட்டை உருவி எறிந்தார். பூஜ்யம். விவரத்தைப் படித்தார். இந்த முறை வார்த்தைகள் வேறு.

'அளவு: சிறியது. திறக்கக் கருவி தேவை.'

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். சட்டையைக் கழற்றினார். கண்ணாடியில் வேர்த்த உடம்பு. இடது விலாவுக்குக் கீழே ஏதோ இழுத்தது. தொட்டார். கடினம். தோலுக்கு அடியில், விரல் நீளத்தில், உருளையாக. அழுத்தினார். வலிக்கவில்லை. குளிர்ந்தது. நுனியில் ஒரு விளிம்பு. விளிம்பில் வரிவரியாய்.

மூடி.

வாசலில் மணி அடித்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பேர். எல்லோரும் குழுவில் பழகியவர்கள். முதுகுப் பை, தொப்பி, தண்ணீர் பாட்டில். தலையைக் குனிந்து அவரவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் போனும் குளியலறைப் பக்கம் திரும்பியிருந்தது. முன்னால் பல் டாக்டர். கையில் ஒரு தோல் பை.

"டாக்டரா? வாங்க வாங்க," என்று கீழே மனைவியின் குரல் கேட்டது. "மேலதான் இருக்காரு."

"வேண்டாம்," என்றார் அவர்.

படிக்கட்டில் காலடிகள். அவசரமில்லை. பேச்சில்லை. கதவுக்கு வெளியே வந்து நின்றன.

"சார்," என்றார் டாக்டர். டாக்டரின் வழக்கமான குரல்தான். மரியாதையாக, சந்தோஷமாக. "ரொம்ப நல்ல இடம் சார் இது. எப்படித் தோணுச்சு?"

துரு வாடை.

மீட்டர்காரர் இரண்டு கைகளாலும் விலாவைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். அது அசையவில்லை.

அவருடைய உள்ளங்கைகளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், மூடி மெதுவாகச் சுழன்றது. கால் சுற்று. அரைச் சுற்று. உள்ளேயிருந்து.