விருந்தறை வாசலில் ஹன்னு

தமஸ்ரித் மலைநகரப் பெருமக்களும், அவர்களுடைய கழுதைகளும், பனி பார்க்க வந்து பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் செவிகொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி இது: பேரிடர் முன்னேற்பாட்டுக் குழு கூடி, தேநீர் அருந்தி, மறுபடியும் கூடி, இந்த நகரத்தின் ஈடு இணையற்ற பாதுகாப்பு இல்லமாக இத்தோவின் வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பித்தளைப் பலகை தயார். ஆணி அடிப்பதுதான் பாக்கி.

வீடு என்பது கொஞ்சம் மிகை. நிலம் குலுங்கிய அன்றே வீடு விழுந்துவிட்டது. நின்றது ஒரே ஓர் அறை. விருந்தறை.

அந்த மலையில் எந்தக் குடும்பமும் தன் வீட்டின் நல்ல அறையில் வாழ்வதில்லை. சமைப்பது, தூங்குவது, சண்டை போடுவது எல்லாம் புகை படிந்த மண் அறைகளில். சுவரோரம் கம்பளி அடைத்த திண்டுகளும், தரையில் கம்பளமும், தங்க விளிம்பு போட்ட தேநீர்க் கிளாசுகளுமாக ஜோடித்த பெரிய அறை வருகிறவர்களுக்கு. வராதபோது அது வராதவர்களுக்கு. இத்தோவின் கணவன் பஸ்ஸு ஒரு கொத்தனார். மண் வீட்டை ஒட்டி அந்த ஓர் அறையை மட்டும் கம்பியும் சிமெண்டும் போட்டுக் கட்டினான். விருந்தாளி தலையில் கூரை விழுந்தால் குடும்ப மானம் என்னாவது?

மாலைத் தொழுகைக்கு முன்பே மலை இருட்டிக்கொண்டு வந்தது. பனி ஓசையில்லாமல் விழுந்தது. குழுத் தலைவர் ஹாஜி பூஸல்ஹாமும் செயலாளர் மீமூனும் படியேறி வந்தார்கள். இடிபாட்டில் சிக்கினால் ஊதுவதற்கென்று வீட்டுக்கு ஒரு விசில் வழங்கியது குழுவின் இதுவரையிலான சாதனை. தலைவர் கழுத்தில் மாதிரிக்கு ஒன்று தொங்கியது.

“மூச்சு வாங்குதே ஹாஜி,” என்றாள் இத்தோ. “அதை எடுத்து ஊதுங்க. யாராவது வந்து தூக்குவாங்க.”

“உன் வாய்க்கு ஒரு பூகம்பம் வரலையே தாயி,” என்று சிரித்தபடி செருப்பைக் கழற்றினார் ஹாஜி.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். வந்ததுதானே. இத்தோவின் மகள் ஹன்னுவை எடுத்துக்கொண்டு போனதுதானே.

முற்றத்துத் தகரக் கொட்டகையிலிருந்து பஸ்ஸு தேநீர்த் தட்டோடு வந்தான். புருஷனும் பெண்டாட்டியும் இப்போது குடியிருப்பது அந்தத் தகரத்துக்குள்தான். குளிருக்காகக் கதவைச் சாத்தினான். நால்வரும் உட்கார்ந்தார்கள். ஹாஜி வாசலுக்கு நேரெதிரே, மரியாதைத் திண்டில்.

“நிலம் அசையலாம்,” என்று ஆரம்பித்தார். “நாம் அசையக் கூடாது. இந்த அறையைப் பாருங்கள். ஒரு கீறல் உண்டா? இந்தக் கிளாசுகளைப் பாருங்கள். ஒன்றாவது உடைந்ததா? இதற்குப் பெயர்தான் முன்னேற்பாடு!”

மீமூன் தலையாட்டினான். அவனுக்கு அது வேலை.

டொக்.

“முன்னேற்பாடு என்பது...”

டொக். டொக்.

“யாரோ கதவைத் தட்டறாங்க,” என்றார் ஹாஜி.

“ஆமா,” என்றாள் இத்தோ.

“தொறக்கலாமே?”

“பூட்டலையே ஹாஜி. என்னைக்குமே பூட்டினதில்லை.”

மீமூன் எழுந்துபோய்த் திறந்தான். முற்றம் வெறுமையாக இருந்தது. பனியில் அவர்கள் வந்த தடங்கள் பாதி மூடிக் கிடந்தன. புதுத் தடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு வாசனை உள்ளே வந்தது. உடைந்த பழைய சுவரின் வாசனை. அந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேச விரும்பாத வாசனை.

அவன் கதவைச் சாத்தினான். கை இன்னும் தாழ்ப்பாளில்தான் இருந்தது.

டொக்.

ஓசை அவன் இடுப்பு உயரத்தில் கேட்டது.

“எலியா இருக்கும்,” என்றான் மீமூன்.

“எலி தட்டிட்டு அனுமதி கேக்குமா தம்பி?” என்றாள் இத்தோ.

இந்தத் தட்டலை அவள் முதன்முதல் கேட்டது துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தபோது. அறைக்குள் ஆள் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் போதும். திறந்து பார்த்தாள். திறந்தே வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் வெறிபிடித்தவள்போலக் கதவையே கழற்றச் சொல்லி முற்றத்தில் சாய்த்துவைத்தாள். அன்றைக்கும் கேட்டது. மரமில்லாத வாசலில், மரத்தைத் தட்டும் ஓசை. அவளுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றுதான். அந்தப் பிள்ளை அந்தக் குளிரிலிருந்து உள்ளே வர வேண்டும்.

ஏன் வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

நிலம் குலுங்கினபோது இத்தோ ஓடையில் கம்பளி அலசிக்கொண்டிருந்தாள். ஓடி வந்தபோது எதிர்ப்பக்கத்து மண்சுவர் விருந்தறை வாசலில் மலைபோலக் கிடந்தது. அதன் அடியில் ஹன்னு. ‘உள்ளே மட்டும் போயிருந்தால்’ என்று ஊர் அழுதது. பூட்டியிருந்தது போலும் என்று தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டது. மண்ணை அள்ளியபோது இத்தோதான் பார்த்தாள். பிள்ளையின் பிளாஸ்டிக் செருப்பு இரண்டும் கதவோரம் ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

ஆட்டம் வந்தால் விருந்தறைக்கு ஓடு என்று அப்பன் சொல்லியிருந்தான். ஓடினாள். கம்பளத்தில் செருப்போடு ஏறாதே, கேட்காமல் உள்ளே போகாதே, நீ என்ன விருந்தாளியா என்று தாய் சொல்லியிருந்தாள். செருப்பைக் கழற்றினாள். தட்டினாள். நின்றாள்.

நல்ல பிள்ளை. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை.

டொக். டொக்.

இந்த முறை தட்டலோடு நிற்கவில்லை.

“இம்மா...”

தமஸ்ரித்தில் பிள்ளைகள் தாயை அப்படித்தான் கூப்பிடும்.

“இம்மா, உள்ள வரட்டுமா?”

பஸ்ஸு தேநீர்த் தட்டைத் தரையில் வைத்தான். ஹாஜி விசிலை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்று வந்தது.

“வாடி!” என்று கத்தினாள் இத்தோ. “எத்தனை தடவைடி சொல்றது? தொறந்துதான் இருக்கு. தள்ளிட்டு வாடி கண்ணு!”

வெளியே, அதே பொறுமையோடு:

டொக்.

“அது வராது இத்தோ,” என்றான் பஸ்ஸு, தரையைப் பார்த்து. “யாராவது விருந்தாளி இருக்கப்ப நீ அதை உள்ள விட்டிருக்கியா?”

இத்தோ அவனையே பார்த்தாள். அந்தச் சொல் அவளுக்குள் போய் எங்கோ இடித்தது. மெதுவாக எழுந்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். தங்க விளிம்புக் கிளாஸ் ஒன்றில், கெட்டிலை உயரத் தூக்கி, நுரை வர நுரை வரத் தேநீர் ஊற்றினாள்.

“எந்திரிங்க ஹாஜி.”

“என்னம்மா?”

“அது விருந்தாளி உக்கார்ற இடம்.”

“நான் யாராம்?”

“உங்களுக்கு முன்னாடியே வந்தவங்க வெளியில நிக்கிறாங்க.”

ஹாஜி எழுந்தார். அவர் வாழ்க்கையில் மறுபேச்சில்லாமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

இத்தோ கதவை விரியத் திறந்தாள். வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தாள்.

“மர்ஹபா,” என்றாள், அந்த வெறுமையிடம். “வாங்க. எங்க வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்திருக்கீங்க. உள்ள வந்து உக்காருங்க.”

பனிக்காற்று அவளைத் தாண்டிப் போனது.

கம்பளத்தின் மயிர் ஓரிடத்தில் அழுந்தியது.

பிறகு அடுத்த இடத்தில்.

உள்ளங்கை அகலம்கூட இல்லாத தடங்கள். செருப்பில்லாத கால். அவை மீமூனைச் சுற்றிக்கொண்டு, தகப்பன் முன்னால் கொஞ்சம் தயங்கி, மரியாதைத் திண்டுவரை போய் நின்றன. திண்டு, ஒரு பூனை உட்கார்ந்தால் அழுந்துகிற அளவுக்கு, அழுந்தியது.

குழு கலைந்தது. தீர்மானம் எதுவும் இல்லாமல். தலைவர் ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் செயலாளர் செருப்புமாகப் பனியில் இறங்கி ஓடினார். அசையக் கூடாது என்ற கொள்கை வாசலோடு நின்றுவிட்டது.

இத்தோ கதவைச் சாத்திவிட்டு, கிளாசைத் திண்டின் முன் வைத்தாள். எதிரே மண்டியிட்டாள். பஸ்ஸு சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

“குளிருதா உங்களுக்கு?” என்று கேட்டாள் இத்தோ.

திண்டின் பள்ளம் ஒடுங்கி, விளிம்பிலேயே இருந்தது. அடுத்தவர் வீட்டில் முழங்காலைச் சேர்த்து உட்காரும் பிள்ளையைப்போல. சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திவைத்தாள். அது தொடப்படவில்லை. மூன்று முறை உபசரிக்காமல் விருந்தாளி எடுக்கக் கூடாது என்பதும் அவள் கற்றுக்கொடுத்ததுதான்.

எவ்வளவு நேரம் தாங்குவாள்? தாய்தானே. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“போதும்டி. மடிக்கு வாடி என் தங்கம்.”

திண்டின் பள்ளம் மேலெழுந்து சமமானது.

அறையில் யாரும் இல்லை.

டொக், என்றது கதவு. வெளியிலிருந்து.

இத்தோ தலைத்துணியின் நுனியைக் கடித்துக்கொண்டு அழுகையை விழுங்கினாள். முகத்தைத் துடைத்தாள். ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். கதவைத் திறந்து, நெஞ்சில் கை வைத்து, “மர்ஹபா,” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஹன்னு வருகிறாள். வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க என்று தாய் சொல்கிறாள். ஒருமையில் ஒரு சொல் வாய்தவறி வந்தாலும் திண்டின் பள்ளம் எழுந்துவிடுகிறது. மடி காலியாகவே இருக்கிறது. இத்தோ திண்டை வெயிலில் போட்டு அடித்துக் கம்பளியை உப்பவைத்துத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாள். மலை இருட்டத் தொடங்கும்போது, விளிம்பில், அந்தச் சின்னப் பள்ளம் மறுபடியும் விழுகிறது.

தமஸ்ரித்தில் விருந்தறைக்குள் இன்னும் யாரும் பிள்ளைகளை விடுவதில்லை, ஹாஜி வீட்டிலும்தான்.