நனையாத நார்

ஸ்ரீரங்கம், 1958. காலை ஆறரை மணி. அமிர்தத்தின் பூக்கடையில் சாமி மாடத்து வெள்ளி விளக்கைக் காணோம்.

சப்-இன்ஸ்பெக்டர் இருதயநாதன் வருவதற்குள் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாலை கட்டும் அடைக்கலம் ஜெயிலுக்குப் போய் வந்தவன். வேறென்ன வேண்டும்? சீட்டும் சிபாரிசும் இல்லாமல், அமிர்தம் வாய்வார்த்தையாகக் கொடுத்த தினக்கூலி வேலை அவனுடையது. துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, போகத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

இருதயநாதனுக்கு அவனை நன்றாகத் தெரியும். ஜெயிலிலிருந்து வந்தபின் இரண்டு தடவை திருடினான். இரண்டு தடவையும், பழைய கதை தெரிந்து முதலாளி விரட்டிய பிறகு. இந்தக் கடைக்கு வந்ததிலிருந்து அவன்மேல் ஒரு புகாரும் இல்லை. இன்றைக்கு இந்த வேலையும் போனால் மறுபடி அதே பாதைதான். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. விடியற்காலையில் கடையைத் திறந்தது அமிர்தத்தின் கொழுந்தன் அழகிரி. கல்லாவில் உட்காருவதோடு சரி, பூவைத் தொடமாட்டான். அடுத்து அடைக்கலம், கடைசியாக அமிர்தம். வேறு யாரும் உள்ளே வரவில்லை.

"இவனச் சேக்க வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், அண்ணி கேக்கல," என்றான் அழகிரி.

கொல்லைக் குப்பையைக் கிளறிய கான்ஸ்டபிள் விளக்கைக் கொண்டுவந்தார். வாழைச் சருகில் சுற்றி நாரால் கட்டியிருந்தது. பூ கட்டுகிறவன் வேலைதான் என்றார்கள் தெருவாசிகள். இருதயநாதன் நாரை விரலால் நீவினார். அது இரண்டு மூன்று இடங்களில் அறுந்து, முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

மூவரையும் ஆளுக்கொரு சருகுப் பொட்டலம் கட்டச் சொன்னார். அமிர்தமும் அடைக்கலமும் முதலில் நாரைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கினார்கள்; ஓரிடத்திலும் அறாமல் கட்டினார்கள். அழகிரி கொடியில் தொங்கிய நாரை அப்படியே உருவி இறுக்கினான். அறுந்தது. முடிச்சுப் போட்டான். மறுபடியும் அறுந்தது.

"பூ கட்டுறவங்க தூக்கத்துலகூட நாரை நனைக்காம தொடமாட்டாங்க," என்றார் இருதயநாதன். "விளக்கைக் கட்டுனது காஞ்ச நாரு, அதான் அறுந்து அறுந்து இத்தனை முடிச்சு. ஜெயிலுக்குப் போனவன் இருக்கிற கடையில யாரு எடுத்தாலும் பழி அவனுக்குத்தான்னு நினைச்சீங்க. இல்லையா அழகிரி?"

அழகிரி தலையைத் தொங்கப்போட்டான். கான்ஸ்டபிள் அவனை அழைத்துப்போனார்.

அடைக்கலம் மூட்டையோடு எழுந்தான். "நான் கெளம்புறேங்கம்மா."

"எங்க கெளம்புற? மாலையெல்லாம் யாரு கட்டுறது?" அழகிரி விட்டுப்போன கடைச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள் அமிர்தம். "நாளையிலேருந்து நீயே கடையைத் தொற."

 அடைக்கலம் சாவியை இடுப்பில் செருகி, மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு, நாரைத் தண்ணீரில் முக்கினான்.