பலகையைத் தாண்டிய சாலை

பலகை முடிந்த இடத்தில் சாலை முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பல்செட்டுக்காரர் அதை முதலில் பார்த்தபோது, பசை வழிந்து மேஜையில் காய்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தார். நான்கு விரற்கடை நீளம் இருக்கும். துடைக்கத் துணியோடு குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். பசை வழியும், சரி. ஆனால் தன் மேல் தானே மணல் தூவிக்கொண்டு, மணலில் இரண்டு வண்டித்தடம் கீறி, தடங்களுக்கு நடுவே காய்ந்த புல்லையும் நட்டு வைக்கிற அளவுக்கு எந்தப் பசைக்கும் பொறுப்புணர்ச்சி கிடையாது.

முப்பது வருஷமாகப் பொய்ப்பல் செய்கிறவர் அவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். மீதிப் பேர் முறை வரட்டும் என்று காத்திருந்தார்கள். தொழில் போக மிச்ச நேரத்தில் போர் நடத்தினார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே உயரமான ஈய வீரர்களை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டி, அடிக்கோல் வைத்து அளந்து நகர்த்துகிற போர். அதற்கென்று ஒரு சங்கம். சங்கத்தின் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில், குன்றும் சாலையுமாக அவரவர் செய்த போர்க்களப் பலகையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். பிற்பகலில் அதே பலகையில் ஆட வேண்டும்.

சிக்கல் அங்கேதான். காட்சிக்கு வைப்பதென்றால் படத்துக்குப் போடுவதுபோல நாலு பக்கமும் மரச்சட்டம் அடித்தால்தான் அழகு. ஆட்டத்துக்கோ பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். ஒருவர் பலகையோடு இன்னொருவர் பலகை ஒட்டி நிற்க, சாலையோடு சாலை சேர வேண்டும். அதனால் சாலை பலகை விளிம்பின் நட்டநடுவில்தான் வெளியேற வேண்டும் என்பது சங்கத்து விதி. பல்செட்டுக்காரர் யோசித்து யோசித்து மூன்று பக்கம் சட்டம் அடித்தார். ஒரு பக்கத்தைத் திறந்து விட்டார். இரண்டு வேலையையும் ஒரே பலகையில் முடித்த பெருமையில் அன்றைக்கு ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

"ஏங்க!" பக்கத்து அறையிலிருந்து மனைவியின் குரல். "உங்க யுத்தம் முடிஞ்சா ஒரு பின்னல் ஊசி கொண்டாங்க. கட்டுக்குள்ள அரிக்குது."

"ஊசி விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"டாக்டர் காலா அரிக்குது?"

அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நடுங்குகிற கைகளுக்குப் பக்கத்தில் இருபது வருஷம் உட்கார்ந்து ஒரு கீறல் படாமல் வீடு திரும்பியவள், போன மாதம் கணவர் அறுத்துப் போட்ட தெர்மாகோல் பொடியில் வழுக்கி, வீட்டுக்குள்ளேயே காலை முறித்துக்கொண்டாள். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

பல் சுரண்டுகிற கரண்டியால் மேஜையைச் சுரண்டினார். மணல் போயிற்று. மணலுக்கு அடியில் மேஜை மரத்திலேயே தடம் விழுந்திருந்தது. வருஷக்கணக்காக வண்டி போன தடம்.

புதன்கிழமை சாலை மறுபடி வந்தது. மேஜை விளிம்பு வரை போய், அங்கிருந்து மேஜைக்காலைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியிருந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுவர்கள் ஈரத்தில் வியர்த்தன. அறையில் பசை வாடையை மீறி வேறொரு வாடை, நனைந்த மண்ணும் குதிரைச் சாணமும் எங்கோ அணைத்த அடுப்பின் புகையும் கலந்தது, தரையோடு தரையாகப் படர்ந்து கணுக்கால் உயரத்தில் நின்றது. நிமிர்ந்தால் இல்லை, குனிந்தால் இருந்தது.

கதவோரம் நின்று மனைவியிடம் கேட்டார். "செங்குத்தா இறங்கணும்னா ரோடு எப்படிப் போடுவாங்க?"

"வளைச்சு வளைச்சுத்தான். ஏன், மேஜையிலேர்ந்து இறங்கப் போறீங்களா?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வீரர்கள் இறங்கினார்களோ என்று பெட்டியைத் திறந்து பார்த்தார். நாற்பது பேரும் வண்ணம்கூடப் பூசாமல் பஞ்சில் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவன் காலடியிலும் நிற்பதற்கு ஒரு வட்டத்தட்டு. பூதக்கண்ணாடியோடு தரையில் மண்டியிட்டு சாலையைப் பார்த்தார். வட்டத்தட்டின் தடம் ஒன்றுகூட இல்லை. பாதங்கள் இருந்தன. இடது, வலது, இடது, வலது. நூற்றுக்கணக்கில். எல்லாம் ஒரே திசையில்.

வியாழனன்று சாலை சுவரோரமாகத் திரும்பியது. வெள்ளியன்று பக்கத்து அறையின் வாசலைத் தாண்டியது. ஏன் அந்தப் பக்கம் என்பது சனிக்கிழமை மாலையில்தான் அவருக்கு உறைத்தது, கழுவாமல் கிடந்த பிளாஸ்டர் கிண்ணத்தைப் பார்த்தபோது. போன ஞாயிறு பலகையில் குன்று எழுப்புவதற்காகக் குழைத்த பிளாஸ்டர். குன்றுக்குப் போக அரைக் கிண்ணம் மிஞ்சியது. மனைவியின் கட்டு கணுக்காலில் உதிர்ந்துகொண்டிருந்தது. வாய்க்குள் ஒட்டுப் போடுகிற கைக்குக் காலில் ஒட்டுப் போடவா தெரியாது? மிச்சத்தை அங்கே பூசிவிட்டார். ஒரே கிண்ணம். ஒரே குன்று. பாதி இங்கே, பாதி கட்டிலில்.

சங்கத்துக் கர்னலுக்குப் போன் செய்தார். கர்னல் மருந்துக்கடை வைத்திருப்பவர்; பட்டாளத்தைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் ஆட்ட விதியில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"திறந்த பக்கத்துல வேற பலகை சேர்க்காம விட்டா என்னய்யா ஆகும்?"

"என்ன ஆகும்? அந்தப் பக்கமும் களம்தான். சட்டம் அடிச்சாத்தான்யா களம் முடியும். நாளைக்கு ஆட்டத்தை வச்சுக்கிட்டு இப்பப் போய்க் கேக்கறீரே!"

போனை வைத்த கையோடு சுத்தியலை எடுத்தார். நாலாவது சட்டத்தைச் சாலையின் குறுக்கே வைத்து அடித்தார். ஒரு ஆணி. இரண்டு. மூன்று.

சாலை வெளுத்தது. தரையில் மணல் தளர்ந்து வெறும் தூசியாக உதிர்ந்தது. துணியால் துடைத்தால் வந்தது. மேஜைக்காலில் ஒரு கோடுகூட இல்லை. குதிரைச் சாண வாடையும் போய்விட்டது. பல்செட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுதால் என்ன என்று யோசித்து, மூக்கை மட்டும் சிந்தினார்.

அப்போதுதான் அந்தப் பாதங்கள் நினைவுக்கு வந்தன. எல்லாம் ஒரே திசை. போன தடம் மட்டும். திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை.

மின்சாரம் போயிற்று.

"ஏங்க," என்றாள் மனைவி. குரலில் வழக்கமான குறும்பு இல்லை. "அரிப்பு நின்னுடுச்சு."

"எப்போ?"

"நீங்க ஆணி அடிச்சீங்களே, அப்போ." மழை கொஞ்சம் தணிந்தது. "இப்ப உள்ளேர்ந்து பதிலுக்குத் தட்டறாங்க."

பிளாஸ்டர் அறுக்கிற சின்ன ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். டார்ச் தேவைப்படவில்லை. போர்வையை விலக்கியதும் வெளிச்சம் இருந்தது. மாவுக்கட்டு நெடுகச் சின்னச் சின்னச் சதுரங்கள், அளவெடுத்து வெட்டியவை. ஜன்னல்கள். கணுக்காலில் நாலு வரிசை, முழங்காலில் ஏழு. ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகளவு மஞ்சள் விளக்கு. விளக்குகளுக்குக் குறுக்கே யாரோ போனார்கள். வந்தார்கள்.

"என்னங்க அது? எனக்குத் தெரியலையே, குனிய முடியலை..."

"ஒண்ணுமில்லை. அசையாதே. இதை எடுத்துடறேன்."

"வீட்டுலயே அறுக்கப் போறீங்களா? இது பல் இல்லைங்க, கால்."

ரம்பத்தைப் பாதத்தின் ஓரத்தில் வைத்தார். ஒரு இழுப்பு.

உள்ளே ஊதுகொம்பு ஒலித்தது. கொசு பாடுவதுபோல மெலிதாக. ஆனால் ஊதுகொம்பு.

பாதத்து விளக்குகள் அணைந்தன. அடுத்துக் கணுக்கால். அடுத்து முழங்கால். எதிரி வந்துவிட்டால் ஊர் விளக்கணைக்கிற மாதிரி, வீடு வீடாக, வரிசையாக. கட்டு முழுக்க இருண்டது. அவர் ரம்பத்தை நிறுத்தினார்.

கட்டு முடிகிற இடத்துக்கு மேலே, அவள் தொடையில், தோலுக்கு அடியில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது.

அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. வரிசை கலையாமல். இடுப்பைத் தாண்டியது. ரவிக்கைக்கு அடியில் மங்கி, கழுத்தடியில் மறுபடி தெரிந்தது. ஏறிக்கொண்டே இருந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டறதும் நின்னுடுச்சு," என்றாள். "இப்ப ஒண்ணுமே தெரியலை. நல்லா இருக்கு. ஏங்க? ஏன் அப்படிப் பார்க்கறீங்க?"

கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்சம் வாய் திறந்தபடி இருந்தாள். அந்த இருட்டில், நாக்குக்குப் பின்னால், தொண்டையின் ஆழத்தில், ஒரு ஜன்னலில் விளக்கேற்றினார்கள்.