கூட்டுப் பட்சம்

காலை ஏழு மணிக்கு மேட்டு வார்டு மொத்தமும் வேலைப் பலகைக்கு முன்னால் நின்றது. கோயிலிலாவது முட்டி வலித்தால் உட்காரலாம், பலகைக்கு முன்னால் நின்றே ஆகவேண்டும். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன நடக்கும், எது தடுக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன பிறகுதான் மற்ற பிழைப்பெல்லாம். பலகையாளர் ஜெசிந்தா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"தடை என்னன்னு வேற கேக்கணுமாக்கும்? நீதான் தடை," என்றாள் கருவாட்டுக் கிடங்கு செல்வமேரி. "நம்ம வார்டு வேலையெல்லாம் முடிஞ்சி மூணு நாளாச்சி. பட்சத்த மூடுனாத்தான அடுத்தது தொறக்கும்? எங்க வீட்டுக் குடிதண்ணிக் கொழாய் அடுத்ததுலதான கெடக்கு."

"ரெண்டு நாள் பொறுங்கக்கா," என்றாள் ஜெசிந்தா. மூன்று நாளாக அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடல் ஏறிய பிறகு, கல் தூக்குவது முதல் குடல் தைப்பது வரை எல்லாமே பணியன்களின் பொறுப்பு. அந்த இயந்திரங்கள் பலகையின் சொல்லைத் தவிர யார் சொல்லையும் கேட்காது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. பதினைந்து நாள் சீட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பட்சம். அந்தக் காலத்து மென்பொருள்காரர்கள் ஸ்பிரின்ட் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது இதைத்தான். ஓடுகிற பட்சத்தில் உள்ள சீட்டை மட்டுமே பணியன் தொடும். பட்சத்தை மூடும்போது முடியாமல் நிற்பதெல்லாம் கிடப்புக்குப் போய்விடும். கிடப்பிலிருந்து ஒரு சீட்டு மேலே வர ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் சீட்டுக்குரியவர் மேலே போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு.

தெற்கே பள்ள வார்டின் பலகையாளர் ஜெசிந்தாவின் அண்ணன் இஞ்ஞாசி. அங்கே இருநூறு வீடுகள், இடிந்த அலைச்சுவர், கல் அடுக்க ஒரே ஒரு கிழட்டுப் பணியன். மனசு கேட்காமல் ஜெசிந்தா அந்தச் சுவர்ச் சீட்டைத் தன் வார்டுப் பட்சத்துக்குள் இழுத்துப் போட்டாள். மேட்டு வார்டில் கல் அடுக்கும் ஆறு பணியன்களும் பள்ளத்துக்கு இறங்கிப் போயின. அயல் வார்டுச் சீட்டு ஒன்றே ஒன்று நுழைந்தாலும் அது கூட்டுப் பட்சம்தான். இரண்டு பலகையிலும் ஒரே பட்சம் ஓடும், ஆனால் அவரவர் பலகையில் அவரவர் சீட்டு மட்டுமே தெரியும். எந்தப் பக்கம் மூடினாலும் இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். சுவருக்கு இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி. கடல் பொங்கும் பெருஓதம் வர நான்கு நாள்.

அண்ணனிடம் அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. அடுத்த பட்சத்தின் முதல் சீட்டு அவள் கணவன் லூர்துவின் இதய அறுவை. நாலு படி ஏறினால் அவனுக்கு உதடு நீலம் பாரித்துவிடுகிறது. சொன்னால் இஞ்ஞாசி முன்பின் யோசிக்காமல் பட்சத்தை மூடிவிடுவான், தங்கை என்றால் அவன் புத்தி அப்படி. ஆகவே அவளே ஒரு வழி தேடினாள். மருத்துவரின் ஒப்புதல் இருந்தால் அடுத்த பட்சத்துச் சீட்டை ஓடுகிற பட்சத்துக்குள் இழுக்கலாம். அந்த ஒப்புதலுக்காக அலையாய் அலைந்து, இன்று விடிந்ததும் வாங்கி, இழுத்தும் விட்டாள். சுவரும் எழும்பும், அவனும் பிழைப்பான். பல மாதங்களுக்குப் பிறகு அன்று காலை அவளுக்குப் பசித்தது.

ஒன்பது மணிக்கு வைத்திய நிலையத்தில், கண்ணாடிக்கு அப்பால் லூர்து மயக்கத்தில் கிடந்தான். பணியன் அவன் மார்பில் கோடு போட்டது, கத்தியை எடுத்தது. எடுத்த கத்தியை அப்படியே தட்டில் வைத்தது. நான்கு கைகளையும் மடக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றுவிட்டது.

"ஏன் நிக்குது? என்னாச்சி?"

நர்ஸ் திரையைப் பார்த்தாள். "பட்சத்த மூடிட்டாங்கம்மா. சீட்டு கெடப்புக்குப் போயிட்டு."

"நான் மூடலையே!" ஜெசிந்தா மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க செய்யுங்க சார். கோடெல்லாம் போட்டாச்சே."

"எங்களுக்கு யாரும்மா கத்தி பிடிக்கச் சொல்லிக் குடுத்தா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒப்புதல் போடத்தான் நாங்க படிச்சது."

அப்போது போன் அடித்தது. இஞ்ஞாசிதான்.

"ஏட்டி ஜெசி, நேத்து மாப்பிள்ள எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாரு. ஒனக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம்! எங்க சொவருக்காவ அவரு உசுர நிறுத்தி வச்சிருந்திருக்க. இப்பத்தான் மூடுனேன். நீ ஒடனே அடுத்தத தொற."

"அண்ணே... சொவரு?"

"பணியனெல்லாம் கல்லக் கீழ போட்டுட்டுக் கெளம்பிட்டு. நானா ஒண்ணும் செய்யல ஜெசி, வார்டுல எல்லாருட்டயும் கேட்டுத்தான் மூடுனேன். நமக்கு ஆறு பணியன் அனுப்புன புள்ள, அவ தாலி நெலைக்கட்டும்னுட்டாவ. வீடு போவும், போட்டும். ஆளுவள மாதா கோயில் மாடிக்கி ஏத்துதோம்."

மாதா கோயில் மாடியில் எண்பது பேர் நின்றாலே நெருக்கம். ஜெசிந்தா அடுத்த பட்சத்தைத் திறந்தாள். முதல் சீட்டாகச் செல்வமேரியின் குழாய் இருந்தது. லூர்துவின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவளேதான் காலையில் அங்கிருந்து எடுத்திருந்தாள், அண்ணன் பலகையில் அது தெரியவும் இல்லை. மறைக்காமல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.

"தொறந்துட்டியாட்டி? ஆரம்பிச்சாச்சா?"

அந்தக் குரலில் இருந்த ஆசையை அவளால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் இருநூறு வீடும் வீணாகப் போகிறது என்று தெரிந்துகொண்டே அவன் இந்த நான்கு நாளும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஆரம்பிச்சாச்சிண்ணே," என்றாள்.

"சேசுவே!" அவன் போனை வைக்க மறந்துவிட்டு யாரையோ பார்த்துக் கத்தினான். "ஆரம்பிச்சிட்டாவளாம்!"

அந்தப் பக்கம் முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு வார்டே கை தட்டியது. கண்ணாடிக்கு அப்பால் லூர்துவுக்கு மயக்கம் தெளியத் தொடங்கியது.