பூங்காவுக்கு விட்ட மூலை

மூன்றாவது படத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். படம் எடுத்தபோது பூங்காவில் யாரும் இல்லை. அது சண்முகவேலுக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாதென்றுதான் அவர் மூன்று மணி வெயிலில் குடையும் இல்லாமல் கிளம்பியிருந்தார்.

நகர் நலச்சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்காக எட்டுத் தெருக்களையும் பூங்காவையும் தானே கைப்பேசியில் எடுத்தார். வேறு யாரிடமும் விட மனமில்லை. சேந்தமங்கலம் சாலையோரம் இன்று நகராக இருப்பது அவர் குடும்பத்துச் சோளக்காடு. பூங்கா வளைவில் இருப்பது அவர் அப்பாவின் பெயர். ஏழு மணிக்குள் படங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். வேப்பமரத்து நிழலில், சிமெண்ட் பெஞ்சுக்குப் பின்னால், வெயிலில் வெளிறிப்போன மாதிரி ஒரு மஞ்சள் தாவணி. முகம் மரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. ஒன்பதாவது படத்தில், இரண்டாம் தெரு மின்கம்பத்தை ஒட்டி, அதே மஞ்சள். பதினான்காவது படம் நான்காம் தெரு. அங்கும் அதே முதுகு. அவர் வீடு ஐந்தாம் தெருவில் இருந்தது.

நாற்பத்தொரு வருடங்களுக்கு முன் அவர் தங்கை சௌந்திரம், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்தவனோடு போய்விட்டாள். விடிவதற்குள் அப்பா முடிவெடுத்தார். விஷக்காய்ச்சல், சேலம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள், ஒட்டுகிற நோய் என்பதால் முகம் காட்டக் கூடாது. ஊர் நம்பியது. கதிர் அறுத்துக் காய்ந்த சோளத்தட்டை ஆள் நீளத்துக்கு அடுக்கி, கழுத்திலும் இடுப்பிலும் பனைநாரை இறுக்கிக் கட்டியது சண்முகவேலின் கைகள்தான். அவள் விட்டுப்போன மஞ்சள் தாவணியை அதற்குச் சுற்றி, பாயில் உருட்டி, காட்டின் மூலையில் புதைத்தார்கள். மணமாகாமல் செத்தவள் வீட்டுக்குக் கன்னி தெய்வம். ஆகவே ஆடிப் பதினெட்டுதோறும் சாமிப் பெட்டியில் புதுச்சேலை வைத்து, பெயர் சொல்லி அழைத்துக் கும்பிட்டார்கள். பின்னாளில் காட்டை மனை பிரித்தபோது, அந்த மூலையில் எவனும் கடைக்கால் தோண்டிவிடக் கூடாதென்றுதான் சண்முகவேல் அதைப் பூங்காவுக்கு விட்டார்.

இப்போது வந்திருக்கிறாள். அதே நிறத்தில் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, வெள்ளிவிழாவில் ஊரார் முன்னால் உயிரோடு நிற்பதற்காகவே வந்திருக்கிறாள். அப்பாவின் சொல் பொய் என்று ஆகிவிடும். வளைவில் இருக்கும் பெயரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

மனைவி அங்கம்மாளைக் கூப்பிட்டுப் படத்தை நீட்டினார்.

"இவ எதுக்கு இங்க சுத்தறா?"

யார் இது என்று கேட்பாள் என எதிர்பார்த்தார். மருமகளாக வந்தவளுக்கும் அந்தக் காய்ச்சல் கதைதான் சொல்லப்பட்டிருந்தது. அங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இது அவ இல்லீங்க. அவ வாழப்பாடியிலதானுங்க இருக்கறா."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முப்பது வருடமாகத் தெரியுமாம். வாழப்பாடியில் ஒரு கல்யாணத்தில் சௌந்திரமே வந்து கையைப் பிடித்தாளாம். அந்த வருடத்திலிருந்து, படையல் முடிந்த மறுநாளே புதுச்சேலையை எடுத்துவிட்டு, பெட்டியில் தன் பழைய சேலை ஒன்றை மடித்து வைப்பாளாம். புதியது பஸ்ஸில் வாழப்பாடிக்குப் போய்விடுமாம்.

"சாமிக்குன்னு நீங்க வெச்ச சேலை அத்தனையும் அவதானுங்க கட்டுனா. உசுரோட இருக்கறவளுக்குப் போகட்டுமேன்னுதான்."

சண்முகவேல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். முப்பது ஆடிகள். அவர் கண்மூடிக் கைகூப்பி நின்றபோதெல்லாம், பக்கத்தில் நின்றவள் மறுநாளைப் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே அவர் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

"வந்த வழியே போகச் சொல்லு அவள."

"எப்படிங்க வருவா? சர்க்கரையில கால எடுத்து ரெண்டு வருசமாச்சு. நீங்களே பாருங்க."

தன் கைப்பேசியில் வீடியோ அழைப்பைப் போட்டு அவர் இடது கையில் திணித்துவிட்டு, அங்கம்மாள் அவருக்குப் பின்னால் வாசல் பக்கமாக நகர்ந்தாள்.

அழைப்பு போய்க்கொண்டிருந்தது. வலது கையில் இருந்த தன் கைப்பேசியில் அவர் கடைசிப் படத்துக்கு வந்தார். ஐந்தாம் தெரு. அவருடைய வீடு. எடுக்கும்போது சாத்தியிருந்த கதவு, படத்தில் திறந்திருந்தது. வாசற்படியில் சோளச் சருகு. தெருவில் மஞ்சள் இல்லை. எங்குமே இல்லை.

அறையில் ஒரு வாசனை. காய்ந்த சோளத்தட்டின் வாசனை. இந்த மண்ணில் சோளம் விதைத்து இருபத்தைந்து வருடமாயிற்று.

ஏதோ உரசியது. சருகோடு சருகு.

திரை தெளிந்தது. நரைத்த தலை. கிளிப்பச்சைச் சேலை, போன ஆடிக்கு அவரே தேர்ந்தெடுத்தது. அறுபது வயதுக்காரி ஒருத்தி சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணா. உங்க பின்னால நிக்கறது ஆருங்க? என்ற தாவணியக் கட்டிக்கிட்டு?"

"அங்கம்மா," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வெளியே அவளுடைய வெறுங்கால் ஓசை. கதவு சாத்தப்பட்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் திரும்பவில்லை.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் அவர் முகம். தோளுக்கு மேலே மஞ்சள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் தட்டின் வெட்டுமுனைகள். கழுத்தில் பனைநார். இருபத்தேழு வயதில் அவர் போட்ட இரட்டை முடிச்சு.

அது மெல்ல அவிழ்ந்தது. நாரின் நுனி அவர் கழுத்தைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது.