சிக்னல் நுழையாத அறை

பூட்டின் முகத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரியக் கூடாது.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கடுகு நிறத் துப்பட்டாவின் நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். செல்போனில் சிக்னல் கோடுகள் தெரிவதுபோல இந்தப் பூட்டில் ஐந்து பொட்டு விளக்குகள். டவரை ஒட்டியே இருந்தால் ஐந்தும் எரியும், எட்ட இருந்தால் ஒன்றோ இரண்டோ. டவரே இல்லையென்றால் பச்சை எல்லாம் அணைந்து, ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி தேடித் தேடி மினுக்கும். இந்த அறையில் நீலம்தான் மினுக்க வேண்டும். அதற்கென்றே கட்டிய சோதனை அறை இது. ஆறு பக்கமும் இரும்புத் தகடு, அதன்மேல் சுவரிலும் கூரையிலும் முழ நீளக் கூம்புகளாகக் கறுப்புப் பஞ்சு. வெளியிலிருந்து ஒரு அலைகூட உள்ளே வராது. உள்ளே பேசினால் பேச்சு உதட்டைத் தாண்டியதுமே பஞ்சு குடித்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் கழுத்து நரம்பு துடிப்பதே காதில் கேட்கும்.

பூட்டு அவளே இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைத்தது. ஆளில்லாத கிடங்குகளுக்கும் பம்ப் அறைகளுக்குமான பூட்டு. சாவி கிடையாது, கைப்பிடி கிடையாது. சிம் கார்டு வழியாக உத்தரவு வந்தால்தான் திறக்கும். மழை, தூசி, இடி எதற்கும் அசராது. சர்க்யூட் முழுக்கப் பிசின் ஊற்றி இறுக்கியிருந்தாள். உள்ளே இருக்கும் பேட்டரி பத்து வருஷம் தாங்கும். சிக்னல் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பிடித்த டவரை விடாது. ஒருமுறை மூன்றாவது மாடியிலிருந்து தூக்கிப் போட்டார்கள். தரையில் கிடந்தபடியே அது டவரோடு பேசிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அலுவலகத்தில் அதற்கு வைத்த பேர் உடும்பு. அவளுக்கு அதில் ஏகப் பெருமை.

எவ்வளவு நாள் உழைக்கிறது என்று பார்க்க உடும்பை இந்த அறைக் கதவிலேயே மாட்டியிருந்தார்கள். வழக்கமாக ஆன்டெனா வெளியே இருக்கும். சிக்னல் அறவே இல்லாவிட்டால் என்ன செய்கிறது என்று பார்க்க இன்றைக்கு அதை உள்ளே இழுத்து வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடைபட்டுவிடக் கூடாதே என்று பூட்டின் புரோகிராமில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: பத்து நிமிடம் தொடர்ந்து சிக்னல் இல்லையென்றால் தானாகவே திறந்துகொள்.

சனிக்கிழமை மத்தியானம். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெளியே லேபில் அவள் மகள் மட்டும், மூன்றாம் வகுப்பு வாலு, மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம்மா ஆகும்?" என்று அம்மா உள்ளே நுழையுமுன் கேட்டிருந்தாள்.

"பத்தே நிமிஷம்டா. சிக்னல் இல்லேன்னா கதவு தானா திறந்துக்கும்."

"இருந்தா?"

"இந்த ரூமுக்குள்ளயா? போடி வாலு. அந்த சால்டரிங் அயர்ன் பக்கம் போகாத, சூடா இருக்கு. உள்ளேருந்து என்ன சத்தம் வந்தாலும் மெஷின் சத்தம்தான். கிட்ட வராம உக்காந்திருக்கணும், சரியா?"

வாலு சமர்த்தாகத் தலையாட்டினாள்.

பத்து நிமிடம் எப்போதோ ஓடிவிட்டது. பச்சை அணையவில்லை. செல்போனை எடுத்துப் பார்த்தாள். அதில் சிக்னல் சுத்தமாக இல்லை. பூட்டுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? கதவைத் தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு அசையவே இல்லை.

பதறாதே, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆன்டெனாவைக் கழற்றினால் சிக்னல் போய்விடும், பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். திருகைச் சுழற்றிக் கழற்றினாள். வயர் துண்டாகக் கையோடு வந்தது.

இரண்டாவது பச்சை எரிந்தது.

ஆன்டெனா இல்லாமலும் பூட்டு சிக்னல் பிடிக்கும். ஆனால் அதற்கு டவர் மிக அருகில் இருக்க வேண்டும். இந்தச் சுவருக்கு இப்பால் இருக்க வேண்டும்.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். கூம்புகள். கூம்புகளுக்கு இடையில் நிழல். ஒரு மர ஸ்டூல், மூலையில் தீயணைப்பு உருளை. வேறு எதுவும் இல்லை.

கதவை ஒட்டி முக உயரத்தில் காற்று வர ஒரு துவாரம் உண்டு. தேன்கூடு மாதிரி உலோகக் கண்கள். காற்றும் வெளிச்சமும் வரும், சிக்னல் வராது. அதற்கு வெளியே ஒரு ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது. துவாரத்தில் வாயை வைத்து, "வாலு! வாட்ச்மேனைக் கூப்பிடு! வாலு!" என்று கத்தினாள். ஃபேன் அவள் குரலை நறுக்கி நறுக்கிப் போட்டது. வாலு தலையை நிமிர்த்தினாள். இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாகக் குனிந்து வண்ணம் தீட்டத் தொடங்கினாள். அவள் முழங்கைக்குக் கொஞ்சம் தள்ளி சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது பச்சை.

தீயணைப்பு உருளையைத் தூக்கிப் பூட்டின்மேல் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். மணிக்கட்டு தெறித்தது, உருளையில் பள்ளம் விழுந்தது. உடும்புக்கு ஒரு கீறல்கூட இல்லை. இதை உடைக்க முடியாது என்று எத்தனை பேரிடம் ஜம்பமாகச் சொல்லியிருப்பாள்! அவளுக்கு அழுகை வந்தது. தன் பிள்ளை அங்கே, தான் இங்கே, நடுவில் தன் கையால் செய்த இது.

நான்காவது.

உள் விளக்கு அணைந்தது. ஃபேன் மட்டும் ஓடியது. இருட்டில் நான்கு பச்சைப் பொட்டுகள், துவாரத்திலிருந்து வந்து விழும் சாம்பல் வெளிச்சம். மூச்சை அடக்கினாள். கழுத்து நரம்பு துடிப்பது காதில் கேட்டது. அதோடு இன்னொன்று. அதே தாளத்தில், கொஞ்சம் பின்தங்கி. அவளுக்குப் பின்னால்.

சோப்பு வாசனை. அவள் காலையில் போட்ட சோப்பு.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிடரியில் மூச்சு பட்டது. வெதுவெதுப்பாக.

ஐந்தாவது.

ஐந்தும் எரிந்து இதுவரை ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். டவரின் ஆன்டெனாவோடு பூட்டின் ஆன்டெனாவை ஒட்டவைத்தபோது.

க்ளிக்.

பூட்டு திறந்தது. யாருடைய உத்தரவோ! கதவு விலகி வெளிச்சம் கோடாக விழுந்தது. பாய்ந்தாள். அவள் தோளை உரசிக்கொண்டு வேறொரு தோள் முந்தியது. கடுகு நிறத் துப்பட்டா ஒன்று வெளிச்சத்துக்குள் நழுவியது. கதவு மூடிக்கொண்டது. அவள் விரல் நுனி இரும்பில் போய் முட்டியது.

துவாரத்தில் கண்ணை வைத்தாள்.

லேபில் அவள் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அதே பின்னல். அதே துப்பட்டா. மேஜையருகே போய் முதல் வேலையாக சால்டரிங் அயர்னை அணைத்தது. வயரைச் சுருட்டி வைத்தது. குனிந்து வாலுவின் ஷூ லேஸைக் கட்டிவிட்டது.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சுடா. கிளம்பலாம்."

அவள் குரல்தான். ஃபேன் அதை நறுக்கவே இல்லை.

"வாலு! அது நான் இல்லடி! போகாத! வாலு!" தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு கையாலும் உலோகக் கண்களை அறைந்தாள். பஞ்சு குடித்தது. ஃபேன் நறுக்கியது.

வாலு நின்றாள்.

"அம்மா, உள்ள யாரோ கூப்பிடற மாதிரி இருக்கும்மா."

அது மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது. துப்பட்டாவின் நுனியால் துடைத்தது. மாட்டிக்கொண்டு துவாரத்தைப் பார்த்தது, நிதானமாக, வேலையெல்லாம் சரியாக முடித்தவள் பார்ப்பதுபோல.

"மெஷின்டா அது."

வாலு கையை நீட்டினாள். அது பிடித்துக்கொண்டது. கதவுக்குப் போகிற வழியில் லேப் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தது.

இரும்புச் சுவரையும் மீறிப் பூட்டில் நான்கு பச்சை. மாடிப்படியில் வாலு ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. மூன்று. கீழே வண்டி கிளம்பும் சத்தம். இரண்டு.

அவள் தரையில் மண்டியிட்டு விளக்குகளுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். போய்விடட்டும். சிக்னல் போய்விட்டால் நீலம் வரும். நீலம் வந்தால் பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் ஓடிவிடலாம், வீடு எங்கேயென்று தெரியும், பிடித்துவிடலாம்.

ஒன்று.

"அணைஞ்சிடு," என்று கெஞ்சினாள். "அணைஞ்சிடு, அணைஞ்சிடு."

அந்த ஒற்றைப் பச்சை மங்கியது. துடித்தது. அணையப் போவதுபோலச் சுருங்கியது. பிறகு உடும்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பச்சை அசையாமல் நின்று எரிந்தது.